பாவடிக் கட்டுக்கல்

அந்த வருஷம் பாவடியின் இரண்டு முனையிலும் கடவுள் வந்து உட்கார்ந்துவிட்டதால், தேவநேசன் வீட்டில் இருபத்திரண்டு நாளாகத் தறி ஓடவில்லை.

தறி ஓடாதது முதலில் காதுக்குத்தான் தெரியும். சகாயம்மாள் இத்தனை வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு நடுவில் கூழ் கிண்டிப் பழகியவள். இப்போது சட்டியில் துடுப்பு உரசுவது அவளுக்கே பெரிதாகக் கேட்டது. கைக்குழந்தை ஜெபராணி தறிச் சத்தத்தில்தான் தூங்குவாள். இப்போது பகலெல்லாம் விழித்துக்கொண்டிருந்தாள். தேவநேசன் கால் வைக்கிற தறிக்குழிக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது.

"அத்த தூக்கி வெளிய வுடு," என்றான் தேவநேசன் தினமும். தினமும் அவனே மீன் தலையைக் கொண்டுவந்து குழியோரத்தில் வைத்தான்.

ஆரணியில் கமண்டல நாகநதிக்குப் போகிற பாதையில் அந்தப் பாவடி இருந்தது. நாற்பது பாகம் நீளம், ஆறு பாகம் அகலம்; இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். கெட்டித்த செம்மண் தரை, இரண்டு பக்கமும் புங்கமரங்கள், மரங்களுக்குப் பின்னால் நெசவுக்காரர்களின் ஓட்டு வீடுகள். மேற்கு முனையிலும் கிழக்கு முனையிலும் இடுப்புயரத்துக்கு ஒவ்வொரு கருங்கல் நட்டிருக்கும். அவைதான் கட்டுக்கற்கள். யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிலம் தாலுகா கச்சேரிக் கணக்கில் புறம்போக்கு.

நெசவின் நீளவாட்டு இழைகளான பட்டுப்பாவு தறிக்கு ஏறுவதற்கு முன்னால் கஞ்சியில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் நீளமாக விரித்து, இழை இழையாகப் பிரித்துத் துலக்க வேண்டும். பாவின் இரண்டு தலைப்பிலும் மூங்கில் கழி கோத்து, கழியிலிருந்து கயிறு இழுத்துக் கட்டுக்கல்லில் கட்டுவார்கள். நடுவே கவைக்கால்கள், கவட்டை முனை வைத்த கம்புகள், தாங்கும். வெயில் ஏறுவதற்குள் முடியாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வடம் மாதிரி ஆகிவிடும். ஒரு வீட்டு ஆட்களால் முடிகிற வேலையில்லை அது. அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டுப் பாவு விரிந்தாலும், பாவடியைப் பார்த்து வாசல் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் வந்து கைகொடுக்க வேண்டும். கூலி கிடையாது, ஒரு செம்பு கூழும் வெங்காயமும் உண்டு. தேவநேசனின் அப்பா ஞானஸ்நானம் வாங்கியபோது அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதைப் பலர் நிறுத்தினார்கள். ஆனால் மறுநாள் அவர் பாவுக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. கூழை மட்டும் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்து குடித்தார்கள். அடுத்த வருஷம் அதுவும் மறந்துபோயிற்று.

இனி, மேற்குக் கல்லின் சங்கதி.

பங்குனி கடைசியில் சகாயம்மாள் தானாக ஒரு காரியம் செய்தாள். சந்தையில் சீமைச் சாயம் புதிதாக வந்திருந்தது. காகிதப் பொட்டலத்தில் செவ்வரளிப் பூ மாதிரி சிவப்பு. அரக்கைக் காய்ச்சி வடிகட்டி மூன்று நாள் மாரடிக்கிற வேலை ஒரு காலையில் முடிந்துவிடும் என்று விற்றவன் சொன்னான். தேவநேசன் வேண்டாம் என்றிருந்தான். அவன் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் செய்யாறு போன நாளில், அவள் பாவுக்கு மஞ்சளும் கரைக்குச் சிவப்புமாகச் சாயம் தோய்த்தாள். நூல் பிழிகிற முளை வீட்டில் ஒடிந்து கிடந்தது. விடியற்காலையில் யாரும் இல்லை என்று மேற்குக் கட்டுக்கல்லில் நூல்கண்ணியை மாட்டிக் கோலால் முறுக்கிப் பிழிந்தாள். முதலில் மஞ்சள். பிறகு சிவப்பு. சீமைச் சிவப்பு நூலில் நின்றதைவிடக் கல்லில் அதிகம் நின்றது. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் படர்ந்த கல்லின் உச்சியில் ஒரு கையகலச் சிவப்பு அப்படியே இருந்தது. புருஷனிடம் அவள் சொல்லவில்லை.

சித்திரையில் வாந்திபேதி வந்தது. அந்தத் தெருவில் மட்டும் பதினோரு பேர் போனார்கள். மேற்குக் கல்லுக்கு நேரெதிர் வீடு எல்லப்பனுடையது. அவன் சேத்துப்பட்டுக்குப் போயிருந்த சமயம் அவன் நாலு வயது மகள் அம்மணி நோயில் விழுந்தாள். மூன்றாம் நாள், குழந்தையின் கண் உள்ளே போய்விட்டதைப் பார்த்த அதன் தாய் பூங்காவனம், அவளைத் தூக்கிவந்து அந்தக் கல்லின் அடியில் கிடத்தி, வேப்பிலை ஒடித்துப் போட்டு, நெற்றி தரையில் படக் கிடந்தாள். மறுநாள் அம்மணி கூழ் கேட்டாள்.

ஒரு வாரத்தில் கல்லுக்குப் புடவை வந்தது. நெசவுக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிற தணிகாசல முதலியார், தம்பியைப் பறிகொடுத்தவர், வெள்ளியில் இரண்டு கண்மலர் செய்து பதித்தார். தெருவில் நோய் நின்றது. கண் வைத்த பிறகு அம்மன் கழுத்தில் எப்படிக் கயிறு போடுவது? போடக்கூடாது என்றார் முதலியார். மழையில் நனையாமல் இருக்க நாலு கால் நட்டுக் கூரை போட வேண்டும் என்றும் சொன்னார்.

வைகாசியில் உபதேசியார் பவுல்துரை கிழக்குக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, இரும்புப் பட்டை போட்டு அதில் ஒரு மரச்சிலுவையைப் பொருத்தினார். பாவடியில் கிறிஸ்தவர்கள் நாலு வீடு. அந்த முனை அவர்களுக்கென்றால் இந்த முனை நமக்கு என்றார். அதிலும் கயிறு கட்டக்கூடாது என்றாயிற்று.

இரண்டு தரப்பும் கச்சேரிக்கு மனு எழுதின. நடுவில் முளை அடித்துப் பார்த்தார்கள். இழுவை தாங்காமல் பிடுங்கிக்கொண்டது. தரை காலியாகக் கிடந்தது. கோழிகள் நடந்தன.

*

ஆனி பிறந்து மேல்காற்று ஆரம்பித்த பிறகு ஒரு காலையில், தேவநேசனும் சகாயம்மாளும் ஆற்று மணலில் பாவு விரிக்கப் போனார்கள். வேறு நாலைந்து வீட்டுக்காரர்கள் அப்படிச் செய்து பார்த்திருந்தார்கள். தெருவில் வீடுகள் காற்றைத் தடுக்கும். ஆற்றில் தடுக்க ஒன்றுமில்லை. முதல் துலக்கு முடிவதற்குள் காற்று மணலை வாரிக்கொண்டுவந்து ஈரக்கஞ்சியில் அப்பியது. அதை உதறப்போய் இழைகள் பட்பட்டென்று அறுந்தன. இருவரும் அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாவடி வழியாகத் திரும்பியபோது எல்லப்பன் வாசலில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான். மதம் மாறினாலும் முறை மாறவில்லை. தேவநேசன் அவனுக்கு மச்சான்தான்.

"இன்னா மச்சான், மணல்லயே பொடவ நெய்யப் போறியா?"

"ஆமாண்டா. ஒனக்குத்தான் மொத பொடவ. கட்டிகினு ஆத்துல எறங்கு, மொதல வந்து மால போடும்."

எல்லப்பன் சிரித்தான். பிறகு தலைச்சுமையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "முயுசா போச்சா?"

"பாதி தேறும்."

"நீ ஒரு கொரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே."

"நீ வந்தா காத்து நின்னுடுமா?"

வீட்டுக்குள் வந்து பாவை இறக்கி வைத்ததும் தேவநேசன் சுவரோரமாக உட்கார்ந்தான். அது மாம்பழ நிறப் பாவு. ஆவணியில் நடக்கவிருந்த தணிகாசல முதலியார் மகள் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை அது. கரையும் உடலும் பிரிந்து தெரியாமல் கோக்கிற கை ஆரணியில் தேவநேசனுக்குத்தான் உண்டு என்று முதலியார் அவனிடம் கொடுத்திருந்தார்.

அடுத்த எட்டு நாளும் சகாயம்மாள் நூலை வெந்நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, நகக்கண்ணால் மணல் எடுத்தாள். அறுந்த இழைகளை முடிந்தாள். எட்டாம் நாள் முதலியாரே வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று நூலைத் தொட்டுப் பார்த்தார்.

"மணல எடுத்துட்டியேம்மா. நான் போச்சுன்னு நெனச்சேன்."

"எடுத்துட்டேன்ங்க. விரிக்கத்தான் எடமில்ல."

அவர் நூலை விட்டுவிட்டுத் தேவநேசன் பக்கம் திரும்பினார். "தேவநேசா, எனக்கு மட்டும் ஆசையா இன்னா? என் மவ பொடவைக்கோசரம் அம்மன் கயுத்துல கவுறு போட வுட்டான்னு நாளைக்கு இந்தத் தெருவு பேசும். தம்பியக் குடுத்துட்டு நிக்கறேன். மீதிப் பேரையாச்சும் காப்பாத்துனாளே அவ. நான் இன்னா செய்யட்டும்?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மொதலியாரே."

"அதான் பேஜாரா கீது. ஏதாச்சும் சொல்லித் திட்டு." அவர் போய்விட்டார்.

தேவநேசன் தறிக்குழிப் பக்கம் திரும்பிப் பூனையிடம் பேசுவதுபோலச் சொன்னான்: "தேசூர்ல அண்ணன் கிருபாகரன் ஆடிப் பட்டத்துக்கு ஆள் வேணும்னு சொல்லியனுப்பிச்சிது. மனுவ விசாரிக்க கச்சேரிலேந்து இன்ஸ்பெக்டரு வராராமே, அவரு வந்து போனதும் தறியப் பிரிச்சிடலாம். ஒரு வண்டி போதும்."

"ஏர் புடிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"கத்துக்கணும்."

"கைய காட்டு." அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பட்டு நூலைத் தவிர வேறெதையும் பிடிக்காத கை. காய்ப்பே கிடையாது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

*

மறுநாள் சாயங்காலம் உபதேசியார் பவுல்துரை வந்தார். மெலிந்த மனிதர். வாந்திபேதிச் சமயத்தில் வீடு வீடாகக் கஞ்சித் தண்ணீரும் மருந்தும் சுமந்தவர்; எல்லா வீட்டுக்கும்தான். சகாயம்மாள் அவருக்கு மோர் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில வீரபாகுப் பிள்ளைன்னு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வர்றார்," என்றார். "பாவடியில மாமூல் வழக்கம் என்னன்னு விசாரிப்பார். பொம்பளைங்கள்ல ஒரு சாட்சி வேணும்னார். உன் பேரைச் சொல்லியிருக்கேன். நீ பொய் சொல்லமாட்டேன்னு அந்தப் பக்கத்துக்காரங்களுக்கே தெரியும்."

"இன்னா சொல்லணும்ங்க?"

"உள்ளதை. அது சாமி இல்ல, கயிறு கட்டுற கல்லுன்னு."

"அப்போ நம்ம கல்லு?"

உபதேசியார் மோரைக் கீழே வைத்தார். "அது வேற."

"எப்படிங்க வேற?"

"ஆறு பேரைப் புதைச்சேன், சகாயம்மா. அஞ்சு பேருக்கு நானே குழி வெட்டினேன். ஒருத்தருக்கும் பேர் எழுதி ஒரு கல்லு வைக்க முடியல. அந்தக் கல்லைப் பார்த்தேன். சும்மா நின்னுச்சு." அவர் எழுந்துகொண்டார். "உனக்கு எது உண்மையோ அதைச் சொல்லு. நான் வேற எதுவும் கேட்கல."

அவர் போனதும் அவள் புருஷனிடம் சீமைச் சாயத்தின் கதையைச் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தவன் முதலில் கோபப்பட்டான், பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"நீ பியிஞ்ச சாயத்துக்கா மொதலியாரு வெள்ளிக் கண்ணு வெச்சாரு?"

"சிரிக்காத."

"நாளைக்கு இத்த சொன்னா ஒரே பேச்சுல முடிஞ்சிடும். பாவு ஏறிடும். தேசூரும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"பூங்காவனம் அக்கா மொகத்த நான் எப்படிப் பாக்கறது? சாயத்துகிட்ட போய் அயுதியான்னு ஊரே அவளப் பாத்து சிரிக்கும்."

"சொல்லாத வுட்டா?"

"வண்டி கட்டணும்."

தேவநேசன் குட்டிகளில் ஒன்றை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான். "அவ கிட்டயே மொதல்ல போய் சொல்லு," என்றான். "ஊரு சொல்லிக் கேக்கறதவிட நீ சொல்லிக் கேக்கட்டும்."

*

பூங்காவனம் வாசற்படியில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மணி பக்கத்தில் புங்கங்காய்களை வரிசையாக அடுக்கி, கடைசிக் காயைத் தட்டி எல்லாவற்றையும் கலைத்து, மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே மேற்குக் கல், பச்சைப் புடவையும் வெள்ளிக் கண்ணுமாக, சாயங்கால வெயிலில் நின்றது.

"வாடி. ரெண்டு நாளா காணோம். இன்னா, மணல் பொறுக்கி முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்க்கா." சகாயம்மாள் படியில் உட்காராமல் நின்றாள். "ஒண்ணு சொல்லணும். கோவப்படு, அடி, ஆனா முயுசா கேட்டுட்டு அடி. அந்தக் கல்லுல கீற மஞ்சளும் செவப்பும்…"

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ பியிஞ்ச சாயம்." ராட்டை நிற்கவில்லை. "அன்னிக்கு நான் வாசத் தெளிக்க கதவத் தொறந்தேன். நீ கல்லுல மாட்டிகினு முறுக்கிகினு கீற. செவப்பா ஊத்துது. அப்பால சாம்பலப் போட்டுத் தேய்க்கற, புளியப் போட்டுத் தேய்க்கற. போவல. சுத்திமுத்தி பாத்துட்டு திருடி மாதிரி ஓடற. எனக்கு சிரிப்பு தாங்கல. செய்யாத்துலேந்து தேவநேசன் வரட்டும், இவளுக்கு கீது பூசன்னு நெனச்சிகினேன்."

சகாயம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சிகினா கும்புட்ட?"

இப்போது ராட்டை நின்றது.

"கோயிலாண்ட போனேன். வாந்திபேதி வூட்டுக்காரி உள்ள வராதன்னுட்டாங்க. அவரு ஊர்ல இல்ல. ஒவ்வொரு வூடா தட்டுனேன். யாரும் தொறக்கல. கொயந்த கையில துணி மாதிரி தொங்குது. இங்க வந்து நின்னேன். எதிர்ல செவப்பா, மஞ்சளா, ஒண்ணு நின்னுகினு கீது. சாயம்னு தெரியும்டி. ஆனா அன்னிக்கு இந்தத் தெருவுல என் எதிர்ல நின்னது அது ஒண்ணுதான்." நூல்முனையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "ஒன் கதவையும் தட்டுனேன்."

சகாயம்மாள் குனிந்துகொண்டாள். அன்றைக்கு அந்தத் தட்டு அவளுக்குக் கேட்டது. யார் தட்டுகிறார்கள் என்றும் தெரிந்தது. ஜெபராணிக்கு அப்போது நாலு மாதம். குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, அழாமலிருக்க வாயில் பால் கொடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கல்லில் பிழிந்த சாயத்தைப் பற்றி இத்தனை நாள் அவள் கவலைப்பட்டதெல்லாம், இந்த ஒன்றை நினைக்காமலிருக்கத்தான் என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.

"பயந்துட்டேன்க்கா."

"ஆமா. நானா இருந்தாலும் தொறந்திருக்கமாட்டேன்." பூங்காவனம் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்; கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துடைத்தாள். "அயுவாத. நூல்ல கண்ணீரு படுது, கறையாயிடும். இன்னாத்துக்கு வந்த, அத்த சொல்லு."

நாளைய சாட்சியைப் பற்றியும் தேசூரைப் பற்றியும் சகாயம்மாள் சொன்னாள். தறியைப் பிரிப்பது என்றதும் பூங்காவனம் ராட்டையை ஓரமாகத் தள்ளினாள்.

"ஏர் ஓட்டவா? அவனா?"

"அத்தான் நானும் கேட்டேன்."

"மாடு சிரிக்கும்டி." பிறகு எதிரே இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மணி ஒரு புங்கங்காயை எடுத்துக்கொண்டுபோய் அம்மன் முன்னால் வைத்துவிட்டு ஓடிவந்தாள். "கஞ்சி காச்சி வெச்சிடு. விடியங்காட்டி பாவத் தோய்ச்சி எடுத்துகினு வா. மத்தத அங்க வந்து பேசிக்கலாம்."

"யாரு வருவாங்க கை குடுக்க?"

"வாசல் வெச்சிகினு கீறவங்க எல்லாம் வருவாங்க. நீ வா."

*

கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தபோது தேவநேசனும் சகாயம்மாளும் பாவைக் கஞ்சியில் தோய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கஞ்சி வைத்துவிட்டால் திரும்ப வழியில்லை. நாலு நாழிகைக்குள் விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டு கெட்டது. அந்தக் காலையில் அவர்கள் பயத்துக்கு அதுவே காரணம். எல்லப்பன் கவைக்கால்களோடு நின்றான். பூங்காவனம் முந்தின மாலையே வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. ஆனால் யாரும் தரையில் இறங்கவில்லை. முதலியார் அம்மன் பக்கத்திலும் உபதேசியார் சிலுவைப் பக்கத்திலும் நின்றார்கள். வண்டியிலிருந்து இறங்கிய வீரபாகுப் பிள்ளை, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு புங்கமரத்தடியில் நின்றார். டவாலிச் சேவகன் குடை பிடிக்க வந்தான். வெயிலே வரவில்லை என்று அவனை அனுப்பிவிட்டார்.

பூங்காவனம் பாவின் மேற்குக் கயிற்றை எடுத்துக்கொண்டு நேரே அம்மனிடம் போனாள்.

"பூங்காவனம்!" என்றார் முதலியார். "இன்னா பண்ற?"

"கவுறு கட்டறேன் மாமா."

"அம்மன் கயுத்துலயா? ஒனக்குக் கொயந்தயக் குடுத்தவடி!"

"அதனாலதான் நான் கட்டறேன். வேற யாராச்சும் கட்டுனா கேளுங்க." அவள் புடவையைச் சற்றுத் தளர்த்தி, கண்மலருக்குக் கீழே, கல்லில் பழைய கயிறுகள் அறுத்து உண்டாக்கிய பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்தாள். "மாமா, பாவடியப் பாத்து வாசல் வெச்சவங்க இன்னா செய்யணும்?"

"பாவுக்கு ஆள் அனுப்பணும். அதுக்கு இன்னா?"

"செத்த வூட்லேருந்தும் அனுப்பறோம். புள்ள பெத்த வூட்லேருந்தும் அனுப்பறோம். ஒங்க தம்பி போன பத்தாம் நாளு நீங்களே வந்து எங்க பாவுல நின்னீங்க. அம்மன் பாவடில வூடு வெச்சிட்டா. இன்னும் கூர வேற போடணும்ன்றீங்க. அவ மட்டும் சும்மா ஒக்காந்து பாத்துகினு இருந்தா தெருவு இன்னா பேசும்?" கயிற்றைச் சுற்றினாள். "ஆத்தா, கொஞ்சம் புடிச்சிக்கோ. வெயில் வர்றதுக்குள்ள வுட்டுடறோம். நீ காப்பாத்துன தெருவுதான், பட்டினி போடாத."

யாரோ ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். முதலியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கண் கயிற்றிலிருந்து மாம்பழ நிறப் பாவுக்குப் போயிற்று. ஓர் எட்டு விலகி நின்றார்.

பூங்காவனம் முடிச்சை இறுக்கிவிட்டு நாற்பது பாகம் தள்ளி நின்ற சகாயம்மாளைப் பார்த்துக் கத்தினாள்: "எங்க வூட்டு ஆள் வந்துட்டா. ஒங்க சாமி வராரா இல்லியா?"

சகாயம்மாள் கிழக்குக் கயிற்றைக் கையில் வைத்தபடி உபதேசியாரைப் பார்த்தாள். அவர் சிலுவையைப் பார்த்தார்.

"அவரு தச்சன் வூட்டுப் புள்ளங்க," என்றாள் மெதுவாக. "வேலன்னா வராம இருப்பாரா?"

பவுல்துரை தன் கையிலிருந்த குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கி, சிலுவையின் அடியில், சுண்ணாம்பின் மேலே, அவரே சுற்றினார். அவருக்கு நெசவு முடிச்சு தெரியாது. எல்லப்பன் ஓடிவந்து அவிழ்த்துச் சரியாகக் கட்டினான்.

பாவு நிமிர்ந்தது. வாசல்களிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். எவரும் எவரையும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, இழை பிரிக்கிற துலக்குக் கட்டைகளை ஓட்டத் தொடங்கினார்கள்.

வீரபாகுப் பிள்ளை குறிப்புப் புத்தகத்தைத் திறந்து மேற்குக் கல்லுக்கு வந்தார். "சகாயம்மாள் யார்? இந்தக் கல்லில் இந்த நிறம் எப்போதிலிருந்து இருக்கிறது?"

அதற்குள் துலக்கிக்கொண்டே மேற்கு முனைக்கு வந்திருந்த சகாயம்மாள் இழையை விட்டு நிமிர்ந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் பூங்காவனம் சொன்னாள்.

"நான் சொல்றேன் எசமான். சாயம் இவ பியிஞ்சது, பங்குனியில. என் கண்ணால பாத்தேன். சாமி நான் கும்புட்டது, சித்திரையில. ரெண்டும் நெசம். ரெண்டையும் எயுதிக்கோங்க."

துலக்குகள் ஒரு கணம் நின்றன. முதலியார் வெள்ளிக் கண்களைப் பார்த்தார். "சாயமா?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஆமா மாமா. கொயந்த பொயச்சிதும் நெசம்."

அம்மணி அப்போது அம்மனின் புடவை மடிப்பில் ஒளிந்துகொண்டு எல்லோரையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலியார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாவின் ஓரத்துக்கு வந்து ஒரு துலக்கை எடுத்தார். "கை நிக்குது பாரு. கஞ்சி காயுது. ஜல்தி, ஜல்தி!"

"மாமூல் என்னவென்று யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதாங்க மாமூல்," என்றான் தேவநேசன், குனிந்த தலை நிமிராமல். "எசமான், அந்த நடுக் கவைக்கால் சாயுது. கொஞ்சம் புடிச்சிக்கங்க."

வீரபாகுப் பிள்ளை பின்னால் திரும்பிச் சேவகனைத் தேடினார். அவன் ஏற்கனவே வேறொரு கவைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவர் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தார். வேலை முடிகிற வரை அவரை யாரும் விடுவிக்கவில்லை. முடிந்ததும் சகாயம்மாள் அவருக்கும் ஒரு செம்பு கூழும் வெங்காயமும் கொண்டுவந்தாள். தயங்கி வாங்கிக்கொண்டார்.

கச்சேரியிலிருந்து உத்தரவு ஆடியில் வந்தது. பாவடி பாவுக்கு உரியது. இரண்டு கல்லும் இருக்கிறபடி இருக்கலாம். கூரையோ சுவரோ தூணோ ஒன்றும் புதிதாக எழும்பக்கூடாது. பாவு விரிந்திருக்கிற நேரத்தில் பூசையும் ஜெபமும் நிறுத்தப்பட வேண்டும். முதலியாருக்குக் கூரை இல்லையே என்ற குறை கடைசிவரை இருந்தது. மழைநாளில் ஓலைக்குடை ஒன்றைக் கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்திவிட்டு வருவார்.

ஆனால் உத்தரவு வருவதற்கு முன்பே, அன்று மத்தியானமே, தேவநேசன் பூனைக்குட்டிகளை ஒரு கூடையில் மாற்றிவிட்டுத் தறிக்குழியைப் பெருக்கினான். சகாயம்மாள் இரண்டு கயிறுகளையும் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றின் முனை மஞ்சளேறியிருந்தது. மற்றதன் முனையில் சுண்ணாம்பு வெள்ளை.

"அலசிப் போடட்டா?" என்று கேட்டான் தேவநேசன்.

"வேணாம். விடிஞ்சா பூங்காவனம் அக்கா வூட்டுப் பாவு. அப்படியே குடுத்துடு."

அவன் குழிக்குள் காலை இறக்கினான். மாலையில் பாவைத் தறியில் ஏற்றி, குறுக்கு நூலான ஊடை முதல் தடவை ஓடி, தறி ஓங்கித் தட்டியபோது ஜெபராணி திடுக்கிட்டு அழுதாள். அடுத்த தட்டில் அழுகை குறைந்தது. பிறகு தூங்கிப்போனாள். சகாயம்மாள் அவளைத் தூளியில் விட்டுவிட்டு எழுந்தாள். போய் வாசல் கதவின் தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தாள்.